பிள்ளையை யார் பார்த்துக்கிட்டா?

விஞ்ஞானிகளைப் பற்றி எது கையில் கிடைத்தாலும் நான் படிக்கிற விதம் ஒன்று உண்டு. பிறந்த ஊர், படிப்பு, கண்டுபிடிப்பு, விருது எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே போய் ஒரே ஒரு வரியைத் தேடுவேன். இவர் லேபில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் பிள்ளை யார் இடுப்பில் இருந்தது? ஆண் விஞ்ஞானி என்றால் தேடவே வேண்டாம். ‘மனைவி, மூன்று குழந்தைகள்’ என்று ஓரிடத்தில் வரும், பதில் அதிலேயே இருக்கிறது. பெண் என்றால்தான் தேடல். பல பேருக்குப் பிள்ளையே இருக்காது. இருக்கிறவர்களுக்கு அந்த வரி எங்கேயாவது ஒரு மூலையில் ஒளிந்திருக்கும்.

அசிமா சாட்டர்ஜியைப் பற்றிப் படித்தபோது அப்படித்தான் அகப்பட்டது. 1944ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி., அதாவது அறிவியலில் முனைவர் பட்டம், வாங்கியவர். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். நித்தியகல்யாணி போன்ற செடிகளிலிருந்து மருந்துக்கான வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்தவர். 1961ல் நாட்டின் பெரிய அறிவியல் விருதான பட்நாகர் விருது வாங்கினார். அந்த விருது ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் எல்லாக் குறிப்பிலும் இருக்கும். நான் தேடியது வேறு. 1947ல் ஆராய்ச்சிக்காக அமெரிக்கா கிளம்பியபோது, ஒரு வயதுகூட நிறையாத மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும் உடன் போனாள். விஸ்கான்சின், கால்டெக், அங்கிருந்து சூரிச். மூன்று ஊர், இரண்டு கண்டம், மூன்று வருஷம். அந்த மகளும் பின்னாளில் வேதியியல் படித்து ஆராய்ச்சியாளர் ஆனார். கூடப்போன பெண்ணைப் பற்றி நான் படித்த குறிப்புகளில் ஒரு வார்த்தைதான்: ‘கவர்னஸ்’. பெயர் கிடையாது.

எனக்கு அந்தப் பெண்ணின் மேல்தான் கண். ஏனென்றால் என் பிஎச்.டி.க்கும் அப்படி ஒருவர் இருந்தார். என் அம்மா.

2008 கடைசியில் நடந்தது. நான் அப்போது ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் ப்ராஜெக்ட் ஃபெலோ. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, பயிர் வேரோடு அது வைத்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கல், இதுதான் என் தலைப்பு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கைடு அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, “சார், ஒரு விஷயம்” என்றேன். சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் மலர்ந்து “ரொம்ப சந்தோஷம்மா” என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே அவர் கண் என் தலைக்குப் பின்னால் போனது. அங்கே சுவரில் காலண்டர் மாட்டியிருந்தது. “ப்ராஜெக்ட் அடுத்த வருஷம் முடியுதேம்மா” என்றார். குரலில் கோபமே இல்லை. வீட்டில் விருந்தாளி வந்திருக்கும்போது அரிசி எவ்வளவு இருக்கிறது என்று மனசுக்குள் அளப்போமே, அந்த மாதிரி.

அன்று மத்தியானமே லேபில் என் இடம் மாறியது. டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓடவிட்டுப் பார்க்க அப்போது நாங்கள் எத்திடியம் புரோமைடு சேர்ப்போம். அது டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவில் போய்ச் செருகிக்கொள்ளும், புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்கிற எதையும் கர்ப்பிணி கிட்டே வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபீனால், குளோரோஃபார்ம் வேலைகளும் அதே கதைதான். சரி, மாற்று என்ன? பாதுகாப்பான சாயங்கள் கடையில் வந்துவிட்டன, விலைதான் கூட. ‘அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்’ ஆனது. என் ஜெல்களை ஒரு ஜூனியர் பையன் ஓட்டித் தந்தான். நல்ல பையன். ஆனால் என் சோதனை என் கையை விட்டுப்போய், அவனுக்கு எப்போது நேரமோ அப்போது என்றாகிவிட்டது. ஏழு மாதத்தில் நான் செய்திருக்க வேண்டிய வேலையில் பாதிகூட ஆகவில்லை. இந்த ஏழு மாதம் எந்த விடுப்புக் கணக்கிலும் வராது. அட்டெண்டன்ஸில் தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே!

விடுப்பு என்று வரும்போது இன்னொரு வேடிக்கை. ஆய்வு மாணவி என்பவள் ஊழியரா, மாணவியா? ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு வரச்சொல்லும்போது ஊழியர். பிரசவ விடுப்பு கேட்கும்போது மாணவி. ப்ராஜெக்ட் ஃபெலோவுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க விதியில்லை என்று ஆபீஸில் சொன்னார்கள். ஸ்டைபண்ட் இல்லாமல் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2016ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த பிஎச்.டி. விதிமுறையில், ஆய்வுக் காலத்தில் ஒரு தடவை 240 நாள் வரை பிரசவ, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முடிக்கவேண்டிய கால வரம்பிலும் பெண்களுக்கு இரண்டு வருஷம் கூடுதல். 2017ல் மகப்பேறு சட்டம் திருத்தப்பட்டு 12 வாரம் 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அதில் சேர்த்தார்கள். எங்களுக்கு அது எட்டு வருஷம் தாமதம். பரவாயில்லை, பின்னால் வருகிறவர்களுக்காவது ஆயிற்று.

பாப்பா பிறந்து தொண்ணூறாவது நாள் நான் லேபுக்குத் திரும்பினேன். அம்மா திருமங்கலத்து வீட்டையும் அப்பாவையும் விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார். அப்பா தன் அறுபத்தோராவது வயதில் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். நிறுவனத்திலிருந்து பத்து நிமிட நடையில், இரண்டாவது மாடியில் ஒரு வீடு. மாடிப்படி செங்குத்து.

பாக்டீரியாவின் வளர்ச்சியை அளப்பது ஒரு நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. காலையில் ஊடகத்தில் கொஞ்சம் பாக்டீரியாவை விட்டுக் குலுக்கும் கருவியில் வைத்தால், அரை மணிக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து அது எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஒளிமானியில் பார்க்க வேண்டும். ஓ.டி. என்போம். முதலில் எண் நகரவே நகராது. பிறகு திடீரென்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ஓ.டி. 0.6 வரும்போது மாதிரி எடுத்தாக வேண்டும். பத்து நிமிஷம் தவறினால் அன்றைய நாள் வீண். பாக்டீரியாவுக்கு யாருடைய வீட்டு நிலவரமும் தெரியாது. பாப்பாவுக்கு இரண்டரை மணிக்கு ஒருமுறை பசிக்கும், அவளுக்கும் ஓ.டி. தெரியாது. இரண்டு அட்டவணையையும் ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்தில் எழுதி பெஞ்சின் மேல் ஒட்டிவைத்திருந்தேன். சிவப்பு மையில் இருப்பது பாப்பா.

பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நிறுவனத்தின் கேட்டுக்கு வருவார். உள்ளே விட அனுமதியில்லை. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு புங்கமரம், அதன் கீழே வாட்ச்மேன் அண்ணனின் தகர அறை. அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார், நான் உள்ளே உட்கார்ந்து பால் கொடுப்பேன். ஆனாலும் கேட்டைத் தாண்டுகிற யாராக இருந்தாலும் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, என்ன காரணம். அம்மா தினமும் இரண்டு கையெழுத்துப் போட்டார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் வாட்ச்மேன் அண்ணன் முதலில் ‘பர்சனல்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். அது ஸ்பெல்லிங் தொல்லை என்று கொஞ்ச நாளில் தமிழில் சுருக்கமாக ‘பால்’ என்று எழுத ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து ஆபீஸிலிருந்து ஒருவர் போன் செய்து கேட்டார்: “உங்க லேபுக்கு தினமும் ரெண்டு வேளை பால் வருதே, எந்த ஹெட்ல பில் போடுறீங்க?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்போம். அம்மாவைத் தவிர. அவருக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வரும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை நான்கு மாத, ஐந்து மாத, ஆறு மாதக் குழந்தையோடு ஏறி இறங்கியது. முழங்கால் வீக்கம் அப்போது ஆரம்பித்ததுதான்.

நடுவில் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அம்மா பத்து நாள் ஊருக்குப் போனார். பக்கத்து வீட்டு அக்காவிடம் பாப்பாவை விட்டேன், புட்டிப்பால். அந்தப் பத்து நாளும் பன்னிரண்டு மணி வாக்கில் மார்பு கட்டிக்கொண்டு கல்லாகிவிடும். எங்கள் தளத்தில் உள்தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான், டார்க் ரூம். வெஸ்டர்ன் பிளாட் என்கிற புரதச் சோதனையின் ஃபிலிம் கழுவுவதற்காக வைத்திருந்தது. சிவப்பு விளக்கு, ஃபிக்சரின் காடி வாசனை, உட்கார ஒரு முக்காலி. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பால் வெள்ளையாகத் தெரியாது, அதுவும் சிவப்பாகத்தான் தெரியும். ஒரு பீக்கரில் பீய்ச்சுவேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் தாய்ப்பால் நான்கு நாள்கூடத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தளத்தில் ஐந்து ஃப்ரிட்ஜ் இருந்தன. ஐந்திலும் ‘உணவுப் பொருள் வைக்கக் கூடாது’ என்று ஸ்டிக்கர், அந்த விதி நியாயமானதும்கூட. தினமும் தொட்டியில் ஊற்றினேன். பக்கத்து வீட்டில் என் பிள்ளை மாவுப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டி “ஃபிலிம் டெவலப் பண்றீங்களாக்கா? எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார்கள். “பத்து நிமிஷம்” என்றேன்.

2011ல் தீசிஸ் கொடுத்தேன். முகவுரையில் கைடுக்கு ஒரு பத்தி, ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு பத்தி. அம்மாவுக்கு அரை வரி, ‘பெற்றோரின் ஆசி’ என்று. அதை இப்போது புரட்டினால் கூச்சமாக இருக்கிறது. அசிமா சாட்டர்ஜியோடு கப்பலேறிய பெண்ணுக்குப் பெயரில்லை என்று குறைசொல்கிற நான்தான் இதைச் செய்தேன்.

வைவா முடிந்த கையோடு வீட்டுக்காரருக்கு நாக்பூர் மாற்றல். அடுத்த வருஷம் பையன் பிறந்தான். நான்கரை வருஷம் லேபை எட்டிப்பார்க்கவில்லை. அந்த வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை வளர்த்தேன், அவ்வளவுதான். 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போன அன்று அந்தப் படம் வந்தது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பட்டுப்புடவை, தலையில் பூ, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரிக்கும் பெண்கள். அத்தை போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்: “பாரு, பூ வச்சுக்கிட்டே செவ்வாய்க்கு அனுப்பியிருக்காங்க.” அதில் ஒரு குத்தலும் இல்லை, பெருமையாகத்தான் காட்டினார். நான்தான் அடுப்படிக்குப் போய்ச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு தெரியவந்தது, படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று. இஸ்ரோவே சொன்னது. அந்தத் திட்டத்தில் பெண் விஞ்ஞானிகள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள் என்பதும் உண்மை. ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்றவர்கள் பேசத் தொடங்கியது அதற்கப்புறம்தான். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, வீட்டு வேலையை முடித்து, நள்ளிரவிலிருந்து விடியற்காலை நான்கு மணிவரை மங்கள்யான் வேலை பார்த்ததாக ரிது கரிதாலைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்து நாடே புல்லரித்தது. நான் கணக்குப் போட்டேன்: நான்கு மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்கு யார் எழுந்து டிபன் கட்டியது? இந்த மாதிரிக் கதைகளை நாம் சொல்லும் தொனியில் எனக்கு ஒரு ஒவ்வாமை உண்டு. தூங்காமல் சாதித்த பெண்ணை மேடையேற்றிவிட்டால், தூங்கவிட என்ன வழி என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

முன்னோடிகள் வரிசையை எடுத்துப் பாருங்கள். ஜானகி அம்மாள், தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, 1931ல் மிச்சிகனில் டி.எஸ்சி. வாங்கி, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அன்னா மாணி, பீர்மேட்டுக்காரர், மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வை ஆராய்ந்தவர். 1945ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று பிஎச்.டி. தர மறுத்துவிட்டார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வானிலைக் கருவிகள் பக்கம் திரும்பி, இந்தியா முழுவதற்கும் கருவிகளைத் தரப்படுத்தினார். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரவர் விருப்பம், அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரிசையில் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அது தற்செயல் மாதிரித் தெரியவில்லை.

ராமன் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று நம் பள்ளிகளில் திருச்சியில் பிறந்த மேதை என்று அவரைப் பற்றிப் பேசாத பிள்ளை கிடையாது. கமலா சோஹோனி கதையை எந்தப் பிள்ளையும் பேசி நான் கேட்டதில்லை. 1933ல் பம்பாயில் முதலிடத்தில் தேறிய பெண், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடுகிறார். இயக்குநர் ராமன், பெண் என்பதால் இடமில்லை என்கிறார். அந்தப் பெண் நேரில் போய் நிற்கிறார், நகர மறுக்கிறார். கடைசியில் நிபந்தனையோடு சேர்க்கிறார்கள்: முதல் வருஷம் சோதனைக் காலம், வேலையின் தரம் ராமனுக்குத் திருப்தியானால்தான் அங்கீகாரம், ஆண் மாணவர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையைப் பள்ளிக்கூட மேடையில் வாசித்துக்காட்ட ரொம்ப நாளாக ஆசை எனக்கு. ஆறு வருஷத்தில், 1939ல், அவர் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. வாங்கினார். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்.

கதவைத் திறக்க மாட்டேன் என்பது ஒரு வகை. திறந்து உள்ளே விட்டுவிட்டு நாற்காலி போடாதது இன்னொரு வகை. மரியா கெப்பர்ட் மேயர், அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் இருக்கின்றன என்ற கொள்கையைச் சொன்னவர். கணவர் பேராசிரியராக இருக்கும் இடத்தில் மனைவிக்கும் வேலை தரக் கூடாது என்ற விதியைக் காட்டி, பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக அவரைச் சம்பளமில்லாமலும் அரைகுறைச் சம்பளத்திலும் வைத்திருந்தார்கள். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி கிடைத்தது 1960ல், அவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. மூன்றே வருஷத்தில் நோபல். அன்று உள்ளூர்ப் பத்திரிகையின் தலைப்பு, ‘சான் டியாகோ தாய்க்கு நோபல் பரிசு’. அடுத்த வருஷம், 1964ல், டோரதி ஹாட்ஜ்கின். பென்சிலினின் வடிவத்தையும் வைட்டமின் பி12ன் வடிவத்தையும் எக்ஸ்ரே வழியாகக் கண்டவர், மூன்று பிள்ளைகளின் அம்மா, முதல் பிள்ளை பிறந்த காலத்திலிருந்து கையை முடக்கிய மூட்டுவாதத்தோடு வேலை பார்த்தவர். லண்டன் பத்திரிகை ஒன்று ‘ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசி’ என்று எழுதியது.

வெள்ளைக்காரர்கள் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தர்ஷன் ரங்கநாதன், டெல்லியில் படித்துப் பட்டம் பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சி முடித்து வந்த வேதியியலாளர். 1970ல் கல்யாணமாகி கான்பூர் போனார். கணவர் அங்கே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். அதே இடத்தில் மனைவிக்கு நிரந்தரப் பதவி கிடையாது, எங்கும் எழுதிவைக்காத விதி அது. இருபது வருஷத்துக்கும் மேலாக ஃபெலோஷிப்பை வைத்துக்கொண்டே அங்கு ஆராய்ச்சி செய்தார். 1993ல் திருவனந்தபுரம், அப்புறம் ஹைதராபாத். புரதங்கள் தாங்களாகவே மடிந்து உருவமெடுப்பது பற்றிய அவருடைய முக்கியமான வேலைகள் உச்சத்தில் இருந்தபோது, 2001ல், தன்னுடைய அறுபதாவது பிறந்தநாளில் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். எழுதாத விதியைத் திருத்தவும் முடியாது பாருங்கள். எழுதியிருந்தாலாவது நீதிமன்றத்தில் கிழிக்கலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2017ல் கோயம்புத்தூர் பக்கம் வந்து சேர்ந்தபோது திரும்ப லேபுக்குப் போக முயற்சி செய்தேன். ஒரு நிறுவனத்தில் நேர்காணல். பயோடேட்டாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார், “இந்த நாலரை வருஷம் என்ன பண்ணுனீங்க?” நானும் சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பாக்டீரியா வளர்ச்சியில் ‘லேக் பேஸ்’ என்று ஒன்று இருக்கிறதே சார், வெளியே எண் ஏறாது, உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும் என்றேன். நான்கு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

என்னைத் திரும்பக் கொண்டுவந்தது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பெண் விஞ்ஞானிகள் திட்டம். 2002-03ல் ஆரம்பித்தது, குடும்பக் காரணங்களுக்காக ஆராய்ச்சியை விட்டவர்கள் மறுபடி வருவதற்கென்றே வைத்தது. இப்போது பெயரெல்லாம் மாறி வைஸ்-கிரண் என்ற குடைக்குள் இருக்கிறது. அந்தத் திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். மூன்று வருஷம் எனக்கென்று ஒரு பெஞ்ச், ஒரு ப்ராஜெக்ட், என் பெயரில் ஒரு தலைப்பு. என் மென்டார் என்னைவிட மூன்று வயது இளையவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன், இருவருக்கும் கூச்சம். ஆனால் மூன்று வருஷம் முடிந்தால்? நிரந்தர வேலைக்கு அது பாலம் இல்லை. அக்கரை இல்லாத பாலம். இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பம், கணிதம் படித்துப் பட்டம் வாங்குபவர்களில் பெண்கள் சுமார் 43 சதவீதம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆராய்ச்சி வேலையில் இருப்பவர்களை எண்ணினால் ஐந்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. மீதிப் பேர் படிப்பில் மோசம் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். அவர்கள் வடிந்துபோகும் வயது எதுவென்று கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும். பிஎச்.டி. முடிவது, வேலை தேடுவது, முதல் பிள்ளை, மாற்றல், எல்லாம் இருபத்தேழுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் வந்து குவிகிறது.

வருஷ வரம்பை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் நிதிக்கு, பிஎச்.டி. முடித்து இத்தனை வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று வரம்பு உண்டு. அம்மாவாக இருந்தால் பிள்ளை ஒன்றுக்குப் பதினெட்டு மாதம் அந்த வரம்பைத் தள்ளிப்போடலாம். எனக்கு இரண்டு பிள்ளை, மூன்று வருஷம் கிடைத்திருக்கும். காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் போதும்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு, பழ ஈயின் கருவில் உடலின் முன்னும் பின்னும் எப்படித் தீர்மானமாகிறது என்று கண்டுபிடித்து 1995ல் நோபல் வாங்கிய ஜெர்மன்காரர். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆனால் 2004ல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். பிள்ளை பெற்ற இளம் பெண் விஞ்ஞானிகளுக்குப் பணம் தருகிறது. எதற்கு? கருத்தரங்குக்குப் போக இல்லை, கருவி வாங்க இல்லை. வீட்டு வேலைக்கு ஆள் வைக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க. இதை முதல் தடவை படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நான் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு வரியை, ஒருவர் பட்ஜெட்டில் தனி ஹெட்டாகவே போட்டிருக்கிறார்!

ஆனால் அங்கேயும் என் கேள்வி நிற்கவில்லை. அந்த ஆள் யார்? கோவை வந்த பிறகு எங்கள் வீட்டிலும் ஒரு அக்கா வந்தார். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை என் பையனைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் இரண்டு வயதில் ஒரு மகள். அவளைத் தன் மாமியாரிடம் விட்டுவிட்டு, என் மகனுக்குச் சோறு ஊட்ட பஸ் ஏறி வந்தார். ஒரு நாள் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். வரமாட்டேன் என்று போன் செய்தார். எனக்கு அன்று சாம்பிள் எடுக்கிற நாள். “கொஞ்சம் மத்தியானம் வரைக்குமாவது வர முடியுமாக்கா?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதுதான் விஷயம். வந்தார். ஓ.டி. 0.6ல் சாம்பிள் எடுத்தேன். அந்தத் தரவு இப்போது ஒரு கட்டுரையில் மூன்றாவது படமாக இருக்கிறது.

26 வாரம் என்ற சட்டம் அந்த அக்காவின் வீட்டு வாசலைத் தொடாது. அது நிறுவனங்களுக்கு, வீடுகளுக்கு இல்லை. தமிழ்நாட்டில் நிரந்தர அரசு ஊழியருக்கு 2021லிருந்து பிரசவ விடுப்பு 12 மாதம். அந்த அக்காவுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வரும் 18,000 ரூபாய், அதுவும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தைச் சேர்த்து. ‘பெண் விஞ்ஞானிகள் சந்திக்கும் சவால்கள்’ என்று என்னைப் பேசக் கூப்பிடும் கல்லூரிகளில் இந்தப் பகுதியைச் சொன்னால் அரங்கம் கொஞ்சம் நெளியும். நானும் நெளிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம். எங்கள் லேபில் ஒரு பெண் இருக்கிறாள், இரண்டாம் வருஷ ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு மாணவி), கெட்டிக்காரி. என் ப்ராஜெக்டில்தான் வேலை பார்க்கிறாள். மத்தியானம் என் அறைக்கு வந்தாள். “மேம், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னாள். “ரொம்ப சந்தோஷம்மா” என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் எங்கே போனது தெரியுமா? ப்ராஜெக்ட் ஜனவரியில் முடிகிறது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவளாயிற்றே, பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஜெல் அறைப் பக்கம் போக வேண்டாம், புதுச் சாயத்துக்கு இன்றே ஆர்டர் போடுகிறேன் என்றேன். 240 நாள் விடுப்பு உண்டு, படிவத்தை நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறையையும், அதில் ஒரு தனி ஃப்ரிட்ஜையும் கேட்டு இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை விடமாட்டேன் என்றேன். தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, கேட்டுவிட்டேன்.

“பிள்ளையை யாரும்மா பாத்துக்குவா?”

“எங்க அம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க மேம். அவங்களுக்குத்தான் முழங்கால் வலி. நாங்க இருக்கறது மூணாவது மாடி.”